பதில் வராத ராத்திரி

1964 டிசம்பர் 22. நள்ளிரவுக்குச் சற்று முன்பு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு பாசஞ்சர் ரயில் கிளம்பியது. எண் 653. உள்ளே நூறு பேருக்கும் மேல். வெளியே புயல். ஊரை நெருங்கும்போது சிக்னல் வேலை செய்யவில்லை. டிரைவர் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். கடைசியில், நீளமாக விசிலடித்துவிட்டு வண்டியை நகர்த்தினார் என்று சொல்வார்கள். ராட்சத அலை ரயிலையே வாரிக்கொண்டு போனது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

நின்றே இருந்தால் தப்பியிருப்பார்களா? யாரால் சொல்ல முடியும், பாவம்! ஆனால், அந்த இருட்டில் அந்த மனிதரைக் குடைந்திருக்கக்கூடிய கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. 'பார்த்தாச்சு, பதில் வரலை. மறுபடி பார்த்தாச்சு, வரலை. இப்ப என்ன செய்யறது?'

கம்ப்யூட்டருக்கும் இதே கேள்விதான். 'புது ஃபைல் வந்திருக்கா பார். வரலையா? அரை நிமிஷம் தூங்கு. மறுபடி பார்' என்று ராத்திரி முழுக்க ஒரே கட்டளையைச் சுற்றிச் சுற்றிச் செய்யச் சொல்கிறோமே, அதுதான் 'லூப்'. 'ஸ்லீப்' என்று நிஜமாகவே ஒரு கட்டளை உண்டு!

யூனிக்ஸ் பிறந்தது அமெரிக்காவின் பெல் லேப்ஸில். அதில் நாம் தரும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் புரோகிராமுக்குப் பெயர் 'ஷெல்'. கென் தாம்ப்சன் எழுதிய முதல் ஷெல்லில் ஒரு வேலையைத் திரும்பச் செய்ய, 'கோ டூ' என்ற தனி புரோகிராமைக் கூப்பிட்டுப் பழைய வரிக்குத் தாவ வேண்டும். 1979-ல் வெளியான ஸ்டீவன் போர்னின் ஷெல்லில் அந்தத் தொல்லை இல்லை. 'வைல்' என்றால் நிபந்தனை சரியாக இருக்கும்வரை சுற்று. 'அன்டில்' என்றால் நிபந்தனை சரியாகும்வரை சுற்று. அவ்வளவுதான்.

சரியா, இல்லையா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும். 0 என்றால் சுபம். வேறு எண் என்றால் ஏதோ கோளாறு. சரி, கட்டளை முடியாமலே தொங்கினால்? லூப்பும் கூடவே தொங்கும், விடிய விடிய! இதற்காகவே 'டைம்அவுட்' என்றொரு கட்டளை வந்தது. 'பத்து விநாடி பார். பதில் இல்லையென்றால் நிறுத்திவிட்டு 124 என்று சொல்.' ஆக, மௌனத்துக்கும் ஓர் எண்!

பாம்பன் பழைய பாலத்தில் பின்னாளில் இருந்த ஏற்பாடும் இந்த ஜாதிதான். அங்கே ஒரு காற்றுமானி. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். வேகம் குறையும்வரை ரயில் காத்திருக்க வேண்டியதுதான். 'போகலாமா, வேண்டாமா' என்று டிரைவர் தவிக்க வேண்டியதில்லை. இரும்பில் எழுதிய 'அன்டில்' அது. 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்துவிட்டது.

அடுத்த முறை தனுஷ்கோடி போனால், ரயில் நிலையத்தின் இடிபாடுகளுக்கு முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பதில் வராவிட்டால் என்ன செய்வது என்ற முடிவை, நடுராத்திரியில் ஒற்றை மனிதர் தலையில் கட்டக் கூடாது. பகலிலேயே, நிதானமாக உட்கார்ந்து எழுதி வைத்துவிட வேண்டும்.