'மிக அரிய ஆர்க்கிட்' என்றொரு பரிசு



எங்கள் அம்பத்தூர் குடியிருப்பில் பொங்கலுக்கு மாடித்தோட்டப் பூக்களின் கண்காட்சி. என்னென்ன பரிசு வைக்கலாம் என்று என்னைக் கேட்டார்கள். 'பெரிய பூ', 'நிறையப் பூ' என்று எழுதியவன், ஒரு சிங்கப்பூர்க் கதை நினைவுக்கு வர, பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் தோட்டத்தில் பூத்த புதுக் கலப்பின ஆர்க்கிட்டை, 1893-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா இயக்குநர் ரிட்லி உலகுக்கு அறிவித்தார். பெயர் 'வாண்டா மிஸ் ஜோக்கிம்'. 1899 மலர்க் கண்காட்சியில் 'மிக அரிய ஆர்க்கிட்' என்று ஒரு பிரிவு இருந்தது. முதல் பரிசு அதற்குத்தான். அதே ஆண்டு ஜூலையில் அந்த அம்மாள் காலமானார். 1981-இல் அந்தப் பூ சிங்கப்பூரின் தேசிய மலரானது.

அளவுக்கு மட்டுமே பரிசு வைத்திருந்தால், அந்தப் பாராட்டை அவர் கண்ணால் பார்த்திருப்பாரா?

பள்ளிக் கண்காட்சியில் நானும் உயரமான செடிக்கே பரிசு கொடுத்தவன். தானே விதை போட்டு வளர்த்த சின்னச் செடியோடு ஒரு மாணவி பேசாமல் திரும்பிப் போனாள்.

இப்போது என் பட்டியலில் முதல் வரி: 'தானே விதை போட்டு வளர்த்தது'. அந்தப் பிள்ளை இதைப் படித்தால், மன்னித்துக்கொள் அம்மா.