வீட்டு நிதியும் கிராம சபையும்: ஒரு வரலாற்று நோக்கு

உணவு, உடை, உறையுள் என மனிதனின் இன்றியமையாத் தேவைகளை மூன்றாக வகுப்பர் ஆன்றோர். இம்மூன்றனுள் உறையுள் நம் மக்களுக்கு நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்து வந்தது. வீடு கட்டப் பணம் இல்லாமை மட்டும் அதற்குக் காரணம் அன்று. குடிசை நின்ற மண் நமதாக இல்லாமை முதற்காரணம். அரசு பணம் ஒதுக்கத் தொடங்கிய பின்னர், அது எவருக்கு என்று முடிவு செய்யும் அவையில் நாம் இல்லாமை அடுத்த காரணமாயிற்று. இவ்விரண்டாம் செய்தியையே ஈண்டுச் சிறிது விரித்துரைக்க விழைகின்றோம்.

மனை என்னும் தளை

1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்ஹீர், நம்மவர் நிலையை ஆராய்ந்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனை மிராசுதாரர் பிடியில் இருந்தமையால், எதிர்த்து நிற்பவரை மனையைவிட்டு வெளியேற்றுவதாக அச்சுறுத்த முடிந்தது என்பதை அவ்வறிக்கை எடுத்துக்காட்டிற்று. 1920இல் சென்னை மாகாண அரசு தொழிலாளர் ஆணையர் பதவியை ஏற்படுத்தி, மனைக்கு நிலம் எடுக்கும் பொறுப்பை அவர்பால் ஒப்படைத்தது. நிலத்தின் விலையை மக்கள் கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாகத் தவணை முறையில் திருப்பிச் செலுத்தினர்.

அதே 1920இல்தான் ஸ்தல ஸ்தாபனச் சட்டமும் வந்தது. நம் பகுதி அந்நாளில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்தான். ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் சாலை, பள்ளி, மருத்துவமனை, கிணறு ஆகியவற்றுக்குச் செலவிட்டன. அவ்வவைகளில் நம்மவர் பெரும்பாலும் நியமன உறுப்பினராகவே அமர்ந்தனர். பொதுச்சாலையும் பொதுக்கிணறும் நமக்கும் உரியன என்னும் தீர்மானத்தை 1924இல் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசனார் நிறைவேற்றுவிக்க வேண்டியிருந்தது எனின், போர்டுகளின் செலவில் நம் பங்கு எத்துணை என்பது சொல்லாமலே விளங்கும்.

அதிகாரிகளின் காலம்

1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் தீக்கிரையாயின. 1971இல் குடியிருப்பு மனையை அதில் வாழ்வோருக்கே உரிமையாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. 1974இல் இன்று தாட்கோ என்று வழங்கும் கழகம் வீடு கட்டித் தரவே தோன்றியது. 1978இல் நமக்கு மனை வழங்க நிலம் எடுப்பதற்கென்றே தனிச்சட்டம் பிறந்தது.

இவையெல்லாம் நல்லனவே. ஆயினும் முடிவு செய்தவர்கள் அதிகாரிகள். 1970க்குப் பின் 1986 வரை ஊராட்சித் தேர்தலே நடைபெறவில்லை. 1985இல் இந்திரா குடியிருப்புத் திட்டம் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோர்க்கென்று தொடங்கப்பட்டபோது, பயனாளியைத் தேர்ந்தெடுக்கும் ஊர்மன்றம் நம் கிராமங்களில் இல்லை.

சபையின் காலம்

1992இல் நிறைவேறிய 73ஆம் அரசியல் சட்டத்திருத்தம் இந்நிலையை மாற்றியது. அதனையொட்டி 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. மக்கள்தொகைக்கேற்ப நமக்கு உறுப்பினர் இடங்களும் தலைவர் பதவிகளும் ஒதுக்கப்பட்டன. அப்பதவிக்கு நாம் கொடுத்த விலையோ பெரிது. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 2006 வரை தலைவர் பதவியை நிலையாக நிரப்ப இயலவில்லை.

தலைவர் பதவிக்கு இத்துணைப் பகை இருந்ததன் காரணம் வெளிப்படை: நிதியின் வழி அந்நாற்காலியருகே செல்கின்றது. ஆனால் அதனினும் பெரிய இடம் ஒன்றுண்டு. அதுவே கிராம சபை. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் அதன் உறுப்பினர். தலைவரின் பதவிக்காலம் முடியும், சபைக்கு முடிவில்லை. 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டத்தில், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்த பட்டியலைச் சரிபார்த்து, தகுதியற்றோரை நீக்கி, முன்னுரிமை வகுக்கும் பொறுப்பு இச்சபைக்கே தரப்பட்டது. சமவெளியில் வீடொன்றுக்கு 1,20,000 ரூபாய். இலக்கில் 60 விழுக்காடு தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் உரியது.

ஒகேனக்கல்லில் நேர்வது

சபை கூடும் நாள்கள் யாவை? சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகியன அவற்றுள் முக்கியமானவை. அவை அனைத்தும் விடுமுறை நாள்கள். ஒகேனக்கல்லில் வெளியூர்க் கூட்டம் அலைமோதுவதும் அந்நாள்களில்தான். பரிசல் ஓட்டுவோர், எண்ணெய் தேய்த்துவிடுவோர், மீன் பொரிப்போர் ஆகிய நம் மக்களுக்கு நாலு காசு கிடைக்கும் நாளும் அதுவே.

நாம் பணியாற்றிய ஊர் ஒன்றில் ஒரு சுதந்திர நாளன்று கண்ட காட்சி இது. கொடியேற்றி, மாணவர்க்கு மிட்டாய் வழங்கிய பின், பள்ளித் தாழ்வாரத்திலேயே சபை கூடிற்று. நம் தெருவினர் எண்மர் மட்டுமே வந்திருந்தனர். வீட்டுப்பட்டியல் விரைந்து படிக்கப்பட்டது. ஒரு கைம்பெண்ணின் பெயர், ‘ஓட்டு வீடு உள்ளது’ என்று நீக்கப்பட்டது. அவ்வீடு அவருடைய கொழுந்தனாருடையது. அதை எடுத்துச் சொல்ல அங்கு ஒருவரும் இல்லை. அவ்வம்மையார் ஆற்றங்கரையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். நாமும் அன்று விழா அலுவலில் மூழ்கி வாளாவிருந்தோம். அது நம் குறையே. மேல்முறையீடு செய்து அவர் பெயர் மீண்டும் ஏறுவதற்குள் இரண்டு மழைக்காலங்கள் கழிந்தன.

இளைஞர்க்கு ஒரு சொல்

எனவே, அன்பார்ந்த இளைஞர்களே! சபை கூடும் நாளில் வீட்டுக்கு ஒருவரேனும் துறைக்குச் செல்லாது சபைக்குச் செல்லுங்கள். பட்டியலை உரக்கவும் நிறுத்தியும் படிக்கக் கேளுங்கள். தீர்மானப் பதிவேட்டைப் படித்த பின்னரே கையொப்பமிடுங்கள். எழுத்தறியாத் தாய்மாருக்குப் பக்கத்தில் அமர்ந்து படித்துக் காட்டுங்கள். பதிவின் நகல் வேண்டின், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணை நிற்கும்.

ஒரு நாள் வருவாயை இழப்பது ஏழைக்கு எளிதன்று. அதனை நாம் அறிவோம். அன்று சபைக்குச் செல்வோரின் கூலியை மற்ற வீட்டார் பகிர்ந்தளித்தால் பளு குறையும். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கல்விச் சங்கம் எழுத்தைக் கற்பித்து வந்திருக்கின்றது. அவ்வெழுத்து ஊராட்சிப் பதிவேட்டையும் படிக்கும் நாளே இவ்வெள்ளி விழாவின் உண்மைப் பயன் கைகூடும் நாளாகும்.