வெண்கட்டியும் சுண்ணாம்பும்

தம்பிலுவில் முதல் கல்முனை வரையுள்ள கரையோர ஊர்களிற் பள்ளி செல்லும் சிறுவர் நாள்தோறும் காணும் பொருள் வெண்கட்டி. தமிழகத்தார் ஆங்கிலச் சொல்லைத் தழுவி இதனைச் சாக்குக்கட்டி என்பர். ஈழத்தவரோ வெண்மை, கட்டி என்னும் இரு தமிழ்ச் சொற்களைக் கூட்டிப் பெயரிட்டனர்.

'சாக்கு' என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன் மொழியிலுள்ள 'கல்க்சு' என்பதாம். அச்சொல் சிறு கல்லையும் சுண்ணாம்பையும் குறித்தது. உரோமர் சிறு கற்களை வைத்துக் கணக்கிட்டமையால், கணிப்பைக் குறிக்கும் மேனாட்டுச் சொற்களும் அவ்வேரினின்றே கிளைத்தன. 1808ஆம் ஆண்டில் அம்பிரி டேவி என்னும் அறிஞர் சுண்ணாம்பிலுள்ள உலோகத்தைப் பிரித்தறிந்து, கல்சியம் என்று பெயர் சூட்டியதும் அதனாலேயே.

தமிழிற் சுண்ணம் என்பது முதலிற் பொடியையே குறித்தது. வடமொழிச் சூர்ணமும் பாளி மொழிச் சுண்ணமும் இதற்கு உறவு. சிங்களவர் வழங்கும் 'ஹுணு' என்பதும் அக்குடும்பத்ததே. சீவக சிந்தாமணியிற் குணமாலையும் சுரமஞ்சரியும் தத்தம் சுண்ணமே சிறந்ததெனப் பூசலிட்டனர். அது மணப்பொடியேயன்றிச் சுவர்க்குப் பூசும் சுண்ணாம்பன்று.

சுண்ணாம்பு பிறக்கும் முறை வியப்புக்குரியது. கிளிஞ்சலையோ பவளப்பாறையையோ சுண்ணக்கல்லையோ சூளையிலிட்டுச் சுட்டால், கரியமிலவாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அதன்மேல் நீர் வார்த்தால் வெப்பமெழுந்து பொடியாகும். இதனையே நீற்றுதல் என்பர். நீறிய சுண்ணாம்பு சுவரிற் பூசப்பெற்றதும், காற்றிலுள்ள கரியமிலவாயுவை மீண்டும் ஏற்று இறுகிக் கல்லின் தன்மையை அடைகிறது. கல்லாயிருந்தது பொடியாகிப் பின் கல்லாகும் சுழற்சி இது.

இதன் பயன்கள் பல. விருந்தினர்க்கு வைக்கும் வெற்றிலையோடு கரண்டகத்துச் சுண்ணாம்பும் சேர்ந்தே வரும். பனையிற் கட்டும் முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவினால், இறங்கும் நீர் கள்ளாகப் புளியாது இனிய கருப்பநீராய் நிற்கும்.

இயற்கை வெண்கட்டியோ கடலடியிற் படிந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் இறுகியதால் ஆயது. 1868இல் தோமசு அக்குசிலி நோர்விச்சுத் தொழிலாளர்க்கு ஆற்றிய சொற்பொழிவில், ஒரு வெண்கட்டித் துண்டினைக் கொண்டே உலகின் பழைய வரலாற்றை விளக்கினார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கரும்பலகை வகுப்பறைகளுக்கு வரவே, மணலிலும் ஓலையிலும் எழுதிப் பயின்ற கல்வி ஊரார் அனைவரும் ஒருங்கே காணும் கல்வியாயிற்று. இக்காலத்து எழுதுகட்டிகளிற் பல, உண்மையான வெண்கட்டியல்ல, ஜிப்சத்தினால் ஆயவை.

ஆயினும், வெண்மைக்கு விலையும் உண்டு. இலங்கையின் தென்மேற்குக் கரையிலும் கல்குடாப் பகுதியிலும் சூளைகளுக்காகப் பவளப்பாறைகள் நெடுங்காலம் வெட்டி எடுக்கப்பட்டன. பவளப்பாறை அலையின் வேகத்தைத் தணிக்கும் இயற்கை மதில். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தில் 1988இற் செய்யப்பட்ட திருத்தம், பாறை வெட்டுதலைத் தடுத்தது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, பாறை காக்கப்பட்ட ஹிக்கடுவையில் நீர் ஏறத்தாழ 50 மீற்றரே உட்புகுந்தது. அண்மையிலுள்ள பெரலியவிலோ ஏறத்தாழ 1.5 கிலோமீற்றர் உட்புகுந்து, புகையிரதத்திலிருந்தோரையும் ஊராரையும் ஆயிரத்துக்கு மேல் மாய்த்தது. பாறை வெட்டப்பட்டதே இவ்வேறுபாட்டுக்குக் காரணமென ஆய்வாளர் கருதினர். அதே அலையினால் தம்பிலுவில், திருக்கோவில், கல்முனைக் கரைகளும் பெரிதும் துயருற்றன.

ஆதலின் வெண்கட்டியை எடுத்துப் பலகையில் எழுதுமுன், ஆசிரியர் மாணவர்க்கு அதன் பிறப்பையும் உரைத்தல் நன்று. கடலுயிர் ஈந்த வெண்மையால் எழுத்தறிவு பெற்ற இனம், அக்கடலின் மதிலைக் காப்பதும் கல்வியின் ஒரு பகுதியேயாம்.