திரூரின் சாட்சிகள்

பொறிவழிப் படம் ஆகுமா ஆகாதா என்று நம் ஆலிம்கள் நெடுங்காலம் வாதித்ததுண்டு. அது நிழலைப் பிடித்து நிறுத்துவதேயன்றிப் படைத்தல் அன்று என எகிப்தின் முஃப்தி முஹம்மது பகீத் அல்முதீஈ தனி நூலே எழுதினார். கட்டடத்தையும் கல்லையும் படம் எடுப்பதிலோ எவர்க்கும் ஆட்சேபமில்லை. எனினும் மலபாருக்குப் படப்பெட்டியுடன் செல்லும் நம் இளைஞர்கள் கடற்கரையோடு திரும்பிவிடுகின்றனர்.

1921 நவம்பர் 19, ஹிஜ்ரி 1340 ரபீஉல் அவ்வல். மாப்பிள்ளைக் கிளர்ச்சியில் பிடிபட்டோர் ஏறத்தாழ நூறு பேர், திரூரில் ஒரு சரக்குப் பெட்டியில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் ஒரு சில இந்துக்களும் இருந்தனர். காற்றுப் புகவேண்டிய கம்பி வலையின் கண்களை வர்ணமும் தூசும் அடைத்திருந்தன. நம் கோவையை அடுத்த போத்தனூரில் கதவைத் திறந்தபோது ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பிணமாகிக் கிடந்தனர். பின்னர் மருத்துவமனையில் இறந்தோரையும் சேர்த்து மாண்டவர் 70 என்பர். திரூருக்கே திருப்பியனுப்பப்பட்ட உடல்களுள் பல, கோரங்ஙாத்துப் பள்ளிவாசல் மையவாடியில் அடங்கின.

இன்று திரூரில் அவர்கள் பெயரால் நகர மண்டபம் நிற்கிறது. அதில் அந்தப் பெட்டியின் உருவமும் உண்டு. படம் எடுப்போர் அதனோடு நின்றுவிடலாகாது. திரூரங்காடிக்கும் செல்லவேண்டும். 1921 ஆகஸ்ட் 20 அன்று அங்கு நிகழ்ந்த மோதலில் உயிரிழந்த ஆங்கில அதிகாரிகள் இருவரின் கல்லறைகள் அங்குள்ளன. அரசு தன் இருவரைத் தனித்தனியே அடக்கம் செய்தது. எழுபதின்மரையோ சரக்கோடு சரக்காக அனுப்பியது. இவ்விரண்டு படங்களும் ஒரே பக்கத்தில் அமையுமானால் விளக்கவுரை வேண்டுவதில்லை.

கிளர்ச்சியின்போது குற்றமற்ற இந்துக்களும் கொல்லப்பட்டனர் என்பதையும் மறைத்தல் தகாது. நமக்கு உவப்பானதை மட்டும் சட்டத்துக்குள் அடக்குபவன் சாட்சியாகான். அரபியில் சாட்சிக்கும் உயிர்த்தியாகிக்கும் வேர்ச்சொல் ஒன்றே என்பதை மதரஸாவின் முதல் வகுப்பு மாணவனும் அறிவான்.

அவசரமும் உண்டு. திரூர் ரயில் நிலையச் சுவரில் இத்துயரத்தைச் சித்திரமாக்கியது ரயில்வே. எதிர்ப்பு எழுந்ததும், 2018 நவம்பரில், தானே அதை அழித்தும் விட்டது. 2021இல், விடுதலைப் போராட்டத் தியாகிகள் அகராதியிலிருந்து இக்கிளர்ச்சியாளர் 387 பேரின் பெயர்களை நீக்கப் பரிந்துரையும் எழுந்தது. அன்று அந்தச் சுவரைக் கடந்து சென்றோர் எவரேனும் எடுத்து வைத்த படங்களே இன்று அச்சித்திரத்துக்கு எஞ்சியவை. கல்வெட்டைப் படம் எடுப்போர் எழுத்து முழுதும் தெரியுமாறு, நேர்நின்று எடுத்து, பின்புறம் நாளும் இடமும் குறித்து வைக்க.