தலை கவிழ்ந்த வீரன்

நவம்பர் திங்களில் மரக்காணம் உப்பளங்களில் வேலை ஓய்ந்துவிடும். பருவமழை நீர் பாத்திகளை மூடி நிற்கும். கல்லறைத் திருநாளன்று நாம் ஏற்றிய மெழுகுதிரிகளின் கறைகூட அப்போது மறைந்திராது. அந்நாள்களில் எக்கியார்குப்பத்துக் கரையில் நின்று கடலை நோக்குங்கால், இக்கடலைக் கடந்து சென்று மீளாத நம் மக்கள் நம் நினைவுக்கு வருகின்றனர்.

1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல், சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. அதன் பெயர் நம் பேச்சில் நிலைத்துவிட்டது. கைதேர்ந்த தந்திரசாலியை 'எம்டன்' என்கிறோம். அச்சுறுத்திய கப்பலை நம் நா மறக்கவில்லை. அதே போரில் மாண்ட நம்மவரை நம் நெஞ்சம் நினைக்கிறதா?

இக்கரை வழியே தெற்கு நோக்கிச் சென்றால் புதுச்சேரி. அங்கே கடற்கரைச் சாலையில், காந்தியடிகள் சிலைக்கு எதிரே, ஒரு போர்வீரன் தலை கவிழ்ந்து நிற்கிறான். முதல் உலகப்போரில் உயிர்நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னம் அது. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி அகன்றது. 1962இல் சட்டப்படியான இணைப்பும் நிறைவுற்றது. ஆயினும் போர் ஓய்ந்த நாளாகிய நவம்பர் 11 அன்று, இரு நாட்டுப் பிரதிநிதிகளும் முன்னாள் வீரர்களும் அங்கே கூடி மலர்வளையம் வைக்கும் வழக்கம் தொடர்கிறது. கொடி இறங்கியும் நினைவு மறையவில்லை.

'அந்நியர் கொடியின்கீழ், அந்நியர் போரில் மடிந்தோரை நாம் ஏன் நினைவுகூர வேண்டும்?' என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. ஆங்கில ஆட்சியின்கீழ் இருந்த இந்தியாவிலிருந்தும் சென்று மாண்டோர் ஏறத்தாழ 74,000 பேர். அப்போரை மூட்டியவர்கள் அவர்கள் அல்லர். யூதா மக்கபே, குற்றத்தோடு போர்க்களத்தில் மடிந்த தம் வீரர்களுக்காகவும் எருசலேமில் பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார் என்று மறைநூல் கூறுகிறது. இறந்தோர்க்காக மன்றாடுவது அவர்களை ஏவிய அரசைப் புகழ்வது ஆகாது.

திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் 1917 ஆகஸ்ட் 1 அன்றே போரை நிறுத்துமாறு வல்லரசுகளுக்கு மடல் விடுத்தார். அவர்கள் செவிமடுக்கவில்லை, மேலும் பதினைந்து திங்கள் குருதி பெருகியது. இறுதியில் 1918 நவம்பர் 11, முற்பகல் பதினொரு மணிக்குப் பீரங்கிகள் அடங்கின. அந்நாள் தூர் நகர்ப் புனித மார்ட்டினின் திருநாள். போர்வீரராய் இருந்தபோது, அமியேன் நகர வாயிலில் குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் மேலாடையை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியை ஈந்தவர் அவர். அந்த அமியேன் அருகிலேதான் 1918இல் கடும்போர் நிகழ்ந்தது. ஒரே மண்ணில் ஒரு வாள் போர்த்தியது. ஓராயிரம் வாள்கள் புதைத்தன.

ஆகவே, நவம்பர் 11 வெற்றியைக் கொண்டாடும் நாள் அன்று; கொலை நின்றதற்காக நன்றி கூறும் நாள்; அது நிற்கத் தாமதித்ததற்காக மனம் வருந்தும் நாள். அரசுகள் மலர்வளையம் வைக்கட்டும். நம் கடன் வேறு. உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் ஒரு பதக்கமோ, கடல் கடந்து வந்த மடலோ, நிறம் மங்கிய படமோ இருக்கிறதா? அதற்குரியவரின் பெயரைத் தாளில் எழுதி உங்கள் பங்குக் குருவிடம் கொடுங்கள். இந்த நவம்பரில் பீடத்தருகே அப்பெயர் ஒருமுறையேனும் ஒலிக்கட்டும். தலை கவிழ்ந்து நிற்கும் அவ்வீரன் ஒருவேளை அதற்காகவே காத்திருக்கிறான்.