வட்டாரக் கூடைப்பந்து லீக்குகளில் சம்பள உச்சவரம்பும் போட்டிச் சமநிலையும்

ஒரு லீக்கில் ஆடும் ஒவ்வொரு கிளப்பும் ஒரு சீசனில் தன் வீரர்களுக்குக் கொடுக்கக்கூடிய மொத்தத் தொகைக்கு லீக் நிர்வாகம் விதிக்கும் எல்லையே சம்பள உச்சவரம்பு. எந்த அணியும் எந்த அணியையும் வெல்லக்கூடும் என்ற நிலைக்கு ஒரு லீக் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே போட்டிச் சமநிலை. முழுநேரத் தொழில்முறை லீக்குகளில் இவ்விரண்டையும் இணைத்துப் பேசுவது வழக்கம். பகலில் பள்ளியிலோ சுரங்கத்திலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வரும் வீரர்கள் ஆடும் அரைத் தொழில்முறை லீக்குகளில் கதை வேறு. அங்கே உச்சவரம்பின் முதல் பயன் சமநிலை அல்ல. கடன் வாங்கிக் கோப்பையைத் துரத்தும் கிளப் இரண்டு சீசனில் காணாமல் போய்விடாமல் அது தடுக்கிறது. ஆட்டங்களைச் சமமாக்கும் வேலையைப் பெரும்பாலும் வேறு விதிகளே செய்கின்றன. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதற்கு நல்ல சான்றுகள்.

தோற்றம்

கூடைப்பந்தில் உச்சவரம்பு அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ-வைப் போலவே பழையது. என்பிஏ-வின் முன்னோடியான அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கம் 1946-47-ல் தன் முதல் சீசனிலேயே அணிக்கு 55,000 டாலர் என்று எல்லை வகுத்தது. அடுத்த சீசனிலேயே அது கைவிடப்பட்டது. 1983-ல் வீரர் சங்கத்துடன் செய்த உடன்பாட்டின்படி 1984-85-ல் 36 லட்சம் டாலர் என்ற அளவில் மீண்டும் வந்தது. அப்போது பல அணிகள் நட்டத்தில் தத்தளித்துக் கொண்டிருந்தன. லீக்கே சுருங்கிவிடுமோ என்ற அச்சத்தில்தான் வீரர்கள் உச்சவரம்புக்கு இசைந்தார்கள். பதிலுக்கு லீக் வருவாயில் 53 சதவீதம் அவர்களுக்கு உறுதி செய்யப்பட்டது. கிளப்புகளைப் பிழைக்க வைப்பதற்காக வந்த விதி சமநிலைக்கான விதியாகப் புகழ்பெற்றது பிற்பாடுதான்.

பொருளியல் அடிப்படை

விளையாட்டுப் பொருளியலில் இந்த விவாதம் சைமன் ராட்டன்பெர்க் 1956-ல் பேஸ்பால் வீரர்களின் வேலைச் சந்தை பற்றி எழுதிய கட்டுரையோடு தொடங்குகிறது. முடிவு தெரியாத ஆட்டத்துக்குத்தான் கூட்டம் வரும் என்பது அவர் எழுப்பிய கருத்துகளில் ஒன்று. 1964-ல் வால்டர் நீல் இதைக் குத்துச்சண்டை வைத்து விளக்கினார்: ஜோ லூயிஸுக்கு மாக்ஸ் ஷ்மெலிங் போன்ற ஒரு வலுவான எதிராளி இல்லாவிட்டால் லூயிஸின் வருமானமும் போய்விடும். எந்தக் கடைக்காரரும் எதிர்க்கடை செழிக்க வேண்டுமென்று விரும்புவதில்லை. விளையாட்டுக் கிளப் விரும்பியே ஆக வேண்டும்.

சமநிலையை அளக்க நால்-ஸ்கல்லி விகிதம் பயன்படுகிறது. எல்லா ஆட்டமும் நாணயம் சுண்டித் தீர்மானிக்கப்பட்டால் அணிகளின் வெற்றி விகிதம் எவ்வளவு சிதறுமோ, அதனோடு உண்மையான சிதறலை ஒப்பிடுவது இது. நாணய லீக்கின் சிதறலைக் கணக்கிட 0.5-ஐ ஆட்ட எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 82 ஆட்டங்கள் கொண்ட என்பிஏ சீசனுக்கு அது 0.055. 18 ஆட்டங்கள் கொண்ட வட்டார லீக் சீசனுக்கு 0.118. குறுகிய சீசனில் அதிர்ஷ்டத்துக்கு இரு மடங்குக்கும் மேல் இடம் உண்டு. ஆகவே ஓர் ஆண்டின் பட்டியலை மட்டும் வைத்து உச்சவரம்பு வேலை செய்தது, செய்யவில்லை என்று தீர்ப்புச் சொல்வது தவறு. வட்டார லீக் நிர்வாகிகள் ஆண்டுதோறும் விதிகளைப் புரட்டிப் போடுவதற்கு இந்தத் தவறான தீர்ப்பும் ஒரு காரணம்.

கூடைப்பந்தின் தனி இடர்ப்பாடு

பெரிய குழு விளையாட்டுகளில் மிகக் குறைந்த சமநிலை கொண்டது கூடைப்பந்து. களத்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர்தான். அவர்களில் ஒருவர் அபாரமானவராக இருந்தால் நாற்பது நிமிட ஆட்டத்தில் முப்பத்தைந்து நிமிடம் அவர் களத்திலேயே நிற்கலாம். கால்பந்தில் இரண்டு, மூன்று கோல்களில் முடிவு வந்துவிடுவதால் வலுவற்ற அணிக்கும் வாய்ப்பு உண்டு. கூடைப்பந்தில் ஒவ்வொரு அணியும் எழுபது தடவைக்கு மேல் பந்தைக் கொண்டுபோய்த் தாக்குகிறது. அத்தனை முயற்சிகளில் அதிர்ஷ்டம் கரைந்துபோய்த் திறமை மேலே வந்துவிடுகிறது. இவற்றோடு உயரமும் சேர்கிறது. திறமையும் ஆறரை அடிக்கு மேல் உயரமும் ஒருங்கே அமைந்தவர்கள் உலகில் மிகக் குறைவு என்பதே சமநிலையின்மையின் வேர் என்று டேவிட் பெர்ரியும் சக ஆய்வாளர்களும் 2005-ல் வாதிட்டார்கள்.

முப்பதாயிரம் பேர் வாழும் ஊரின் கிளப்பில் இது இன்னும் கடுமையாகத் தெரியும். நல்ல நடு ஆட்டக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தால் அணி கோப்பைக்குப் போட்டியிடும். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கடைசி இடம்தான். பத்துப் பேருக்குமான மொத்தச் சம்பளத்தை எல்லைக்குள் வைத்தாலும், அந்த ஒருவரை யார் பிடிக்கிறார்கள் என்பதை எல்லையால் கட்டுப்படுத்த முடியாது.

ஆஸ்திரேலியா: பணத்தோடு புள்ளியும்

ஆஸ்திரேலியாவின் அரைத் தொழில்முறைக் கூடைப்பந்து பல ஆண்டுகள் மாநில லீக்குகளாகச் சிதறிக் கிடந்தது. தென்கிழக்கு ஆஸ்திரேலியக் கூடைப்பந்து லீக் 1981 முதல் 2018 வரை நடந்தது. அதன் இடத்தில் 2019-ல் என்பிஎல்1 வந்தது. பின்னர் குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, நியூ சவுத் வேல்ஸ் லீக்குகளும் வடக்கு, மத்தி, மேற்கு, கிழக்குப் பிரிவுகளாக அதில் இணைந்தன. மெக்கே, பெண்டிகோ, பல்லரட், ஜெரால்டன், கல்கூர்லி போன்ற ஊர்களின் கிளப்புகள் இங்கே ஆடுகின்றன. பெரும்பாலான கிளப்புகளுக்கு ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டும் உண்டு.

இந்த லீக் குளிர்காலத்தில் நடக்கிறது. ஆடவரின் மேல்நிலை லீக்கான என்பிஎல், மகளிரின் டபிள்யூஎன்பிஎல் இரண்டின் சீசன்களும் அக்டோபர் வாக்கில் தொடங்குபவை. எனவே தொழில்முறை வீரர்கள் ஓய்வு மாதங்களில் வட்டார அணிகளுக்கு வந்து ஆடுகிறார்கள். ரசிகர்களுக்கு இது வரம்தான். ஆனால் ஒரே கிளப் நான்கு தொழில்முறை வீரர்களைத் திரட்டிவிட்டால் மற்றவர்களின் சீசன் முதல் வாரத்திலேயே முடிந்துவிடும்.

இதற்கு ஆஸ்திரேலியர்கள் கண்ட கருவி வீரர் புள்ளி முறை. மேல்நிலை லீக்கான என்பிஎல் 2003-04-ல் இதைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வீரருக்கும் முந்தைய சீசனின் ஆட்டத்தைப் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பு இடுவார்கள். அணியின் மொத்தம் குறித்த எல்லையைத் தாண்டக் கூடாது. சம்பள உச்சவரம்போடு சேர்ந்தே இது இயங்கியது. 2016-17-ல் அங்கே புள்ளி முறை கைவிடப்பட்டது. உச்சவரம்பும் இளகியதாயிற்று: எல்லையைத் தாண்டும் கிளப் கூடுதல் தொகை கட்ட வேண்டும். வட்டார லீக்குகளிலோ புள்ளி முறைதான் இன்றும் மையமாக நிற்கிறது. பொதுவாக மேல்நிலை லீக் வீரருக்கும் வெளிநாட்டு வீரருக்கும் அதிகப் புள்ளி. கிளப்பின் சொந்த இளையோர் அணியில் வளர்ந்தவருக்குக் குறைந்த புள்ளி அல்லது சலுகை. வெளியூர் நட்சத்திரத்தை எடுத்தால் அந்த அளவுக்கு உள்ளூர்ப் பிள்ளைகளை நம்பியாக வேண்டும்.

புள்ளியின் பெரும் பலம், அதை ஒளிக்க முடியாது என்பது. வீரர் எங்கே ஆடினார், எத்தனை ஆட்டம், எவ்வளவு சராசரி என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த ஆவணம். சம்பளமோ மூடிய உறைக்குள் இருப்பது.

தூரம் என்ற செலவு

மேற்கு ஆஸ்திரேலியாவில் கல்கூர்லி பெர்த்திலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர். ஜெரால்டன் 400-க்கும் மேல். பெர்த் புறநகர்க் கிளப்பில் ஆடும் வீரருக்கு வீடு, வேலை, படிப்பு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆட்டத்துக்கு ஒரு சிறு தொகை கொடுத்தால் போதும். அதே வீரரைக் கல்கூர்லி போன்ற சுரங்க ஊருக்கு இழுக்க வாடகை வீடு, கார், பகுதிநேர வேலை எல்லாம் ஏற்பாடு செய்ய வேண்டும். இரு கிளப்புகளுக்கும் ஒரே தொகையை எல்லையாக வைத்தால் காகிதத்தில்தான் சமம். வீட்டையும் காரையும் எல்லைக்குள் கணக்கிட்டால் தொலைதூரக் கிளப் முடங்கும். கணக்கிடாமல் விட்டால் பணக்கார ஸ்பான்சர் உள்ள கிளப்புக்குக் கதவு திறந்துவிடும். வட்டார லீக்கின் உச்சவரம்பு விதிகளில் மிகக் கடினமான இடம் இதுதான்.

அமலாக்கம்

விதியை மீறும் வழிகள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான். ஸ்பான்சரின் நிறுவனத்தில் பெயருக்கு ஒரு வேலை, வீரரின் துணைவருக்குச் சம்பளம், பயிற்சி முகாம் நடத்தியதாகத் தனிக் காசோலை, கையில் ரொக்கம். அரைத் தொழில்முறை லீக்கின் அலுவலகத்தில் சில ஊழியர்களே இருப்பார்கள். முறையான தணிக்கைக்கு ஆகும் செலவில் ஓர் அணியையே ஒரு சீசன் நடத்திவிடலாம். ஆகவே கிளப் தலைவரும் வீரரும் கையெழுத்திடும் உறுதிமொழிப் படிவத்தையே பெரும்பாலும் நம்ப வேண்டியிருக்கிறது.

எல்லா வசதியும் கொண்ட என்பிஏ-விலேயே மீறல் நடந்திருக்கிறது. மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணி ஜோ ஸ்மித்துடன் செய்துகொண்ட ரகசிய ஒப்பந்தம் 2000-ல் வெளிப்பட்டது. 35 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்று உரிமைகள் ஐந்து பறிக்கப்பட்டன, அவற்றில் சில பின்னர் திருப்பித் தரப்பட்டன. அந்த ரகசியமும் தானாக வெளியே வரவில்லை. வீரரின் முன்னாள் முகவர்களுக்கிடையே நடந்த வழக்கில்தான் ஆவணம் கிடைத்தது. வட்டார லீக்கில் அத்தகைய வழக்குக்கு வாய்ப்பு இல்லை, வழக்காடும் அளவுக்குப் பணமும் இல்லை.

மீறல் இல்லாமலே உச்சவரம்பைப் பயனற்றதாக்கும் காரணிகளும் உண்டு. நல்ல பயிற்சியாளர், ஒழுங்கான அலுவலகம், நிறைந்த அரங்கம் ஆகியவற்றுக்கு எல்லை கிடையாது. பெர்த் வைல்ட்கேட்ஸ் அணி 1987 முதல் 2021 வரை ஓராண்டுகூடத் தவறாமல் என்பிஎல் இறுதிச் சுற்றுக்கு வந்தது. அந்தக் காலத்துக்குள் புள்ளி முறை வந்து போனது, உச்சவரம்பும் மாறியது. பெர்த்தின் வரிசை அசையவில்லை. சரியாக நடத்தப்படும் கிளப்பில் குறைந்த தொகைக்கும் ஆட வீரர்கள் முன்வருவார்கள்.

நியூசிலாந்து, 2020

வட்டாரக் கூடைப்பந்தில் சமநிலை பற்றிப் பேசும் எவரும் தவறவிடக் கூடாத சீசன் ஒன்று உண்டு. நியூசிலாந்து தேசியக் கூடைப்பந்து லீக்கில் 2019-ல் வெலிங்டன் செயிண்ட்ஸ் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வென்றது. அது அவர்களின் 11-வது பட்டம். மறு ஆண்டு கொரோனா வந்தது, எல்லைகள் மூடப்பட்டன, வெளிநாட்டு வீரர்கள் வர முடியவில்லை. வெலிங்டன், ஹாக்ஸ் பே, சவுத்லாந்து அணிகள் விலகிக்கொண்டன. எஞ்சிய ஏழு அணிகளை வைத்து ஆக்லாந்தின் ஒரே அரங்கில் சில வாரங்களில் சீசனை முடிக்க லீக் தீர்மானித்தது. கிளப்புகள் பேரம் பேசி வீரர்களைச் சேர்க்கும் வழக்கத்துக்கு மாறாக, எல்லா வீரர்களும் ஒரே பட்டியலில் வைக்கப்பட்டு முறைவைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

கோப்பையை வென்றது ஒட்டாகோ நக்கெட்ஸ். தெற்குத் தீவின் டனீடின் நகர அணி. பல ஆண்டுகள் அட்டவணையின் அடியில் கிடந்து, 2014-க்குப் பின் லீக்கை விட்டே போய், 2020-ல்தான் திரும்பியிருந்தது. அதுவரை ஒரு பட்டம்கூட வென்றதில்லை. பணபலத்தைத் தேர்வு முறை ஒதுக்கி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வட்டார லீக்குகளில் அரிது. ஒரு சீசனை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்ற எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். ஆனாலும் 2022-ல், வெளிநாட்டு வீரர்கள் திரும்பிவிட்ட பிறகு, அதே அணி மறுபடியும் பட்டம் வென்றது. லீக்குக்குள் மீண்டும் காலூன்றக் கிடைத்த வாய்ப்பே அவர்களைக் காத்தது என்று கொள்வதில் தவறில்லை.

தேர்வு முறையை நிரந்தரமாக்குவது வட்டார லீக்கில் கடினம். மாதம் சில நூறு டாலருக்காக எந்த ஆசிரியரும் வேலையை விட்டுவிட்டு வேறு தீவுக்குக் குடிபெயர மாட்டார். 2020-ல் எல்லாரும் ஒரே ஊரில் இருந்ததால்தான் அது நடந்தது.

வீரர்களின் நிலை

உச்சவரம்பின் சுமை வீரர் மேல் விழுகிறது. என்பிஏ-வில் எல்லையை வீரர் சங்கத்தோடு பேசித் தீர்மானிக்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பளமும் வருவாயில் பங்கும் அதனுடன் வருகின்றன. வட்டார லீக்கில் பெரும்பாலும் கிளப்புகளே கூடி எல்லையைத் தீர்மானிக்கின்றன. மேலே எல்லை உண்டு, கீழே இல்லை. வெளிநாட்டு வீரர் இருவருக்கே தொகையில் பெரும்பகுதி போய்விட, எட்டாவது, ஒன்பதாவது ஆட்டக்காரர்கள் பெட்ரோல் காசுக்கு ஆடுகிறார்கள். புள்ளி முறையிலும் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது: நன்றாக ஆடிப் புள்ளி உயர்ந்த நடுத்தர வீரர் எந்த அணியின் கணக்கிலும் அடங்காமல் வெளியே நிற்க நேரிடும். சொந்த ஊர்க் கிளப்பில் நீண்ட காலம் ஆடுபவருக்குப் புள்ளிச் சலுகை அளிப்பது இதைத் தணிக்க வந்த ஏற்பாடு. குறைந்தபட்சத் தொகையையும் காயச் செலவுக்கான காப்பீட்டையும் உச்சவரம்பு விதியிலேயே சேர்ப்பது இதைவிட நியாயமான வழி.