பனியன் வந்த வழி, போன வழி

எங்கள் வீட்டில் பனியனுக்கு ஆயுசு கெட்டி. அப்பா போட்டுப் பழசானால் அண்ணனுக்கு, அண்ணனுக்குச் சின்னதானால் எனக்கு. நான் கிழித்த பிறகும் அது வீட்டை விட்டுப் போகாது. 1960களில், அவிநாசியிலிருந்து சேவூர் போகும் வழியில் எங்கள் காடு இருந்தது. அங்கே வெடித்த பருத்தி திருப்பூர் போய், பனியனாகித் திரும்பி, தேய்ந்து இல்லாமல் போகும் வரைக்கும் வழியில் கை வைத்தவர்களில் பாதிப் பேரை எங்களுக்குத் தெரியும். பருத்தி எடுத்த பெண்களை அக்கா, சின்னம்மா என்று கூப்பிடுவோம். மிஷின் ஓட்டியவர் எங்கள் மாமன். பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் ஏதோ கதை கேட்கிற மாதிரி கேட்கிறார்கள்.

ஆவணி, புரட்டாசியில் விதைத்தால் தை பிறந்ததும் காய் வெடிக்கத் தொடங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவைப் பக்கம் பரவிய கம்போடியா பருத்தியின் பேச்சு, நான் சிறுவனாக இருந்தபோதும் பெரியவர்கள் வாயில் இருந்தது. விடிந்தும் விடியாமலும் பெண்கள் மடி கட்டிக்கொண்டு காட்டில் இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறினால் காய்ந்த சருகு நொறுங்கிப் பஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். சருகு ஒட்டிய பருத்திக்கு விலை இறங்கிவிடும். எடுத்து முடிக்கும்போது அவர்கள் விரல் நுனியெல்லாம் காயின் ஓடு கீறிச் சிவந்திருக்கும். திண்ணையில் உட்கார்ந்து மிச்சச் சருகைப் பொறுக்குவது பொடிசுகளின் வேலை.

சாக்கில் திணித்த பருத்தியோடு அப்பா ராத்திரியே வண்டி கட்டிவிடுவார். சில தடவை என்னையும் ஏற்றிக்கொள்வார். மூட்டைமேல் படுத்தால் அதைவிட மெத்தை கிடையாது. அவிநாசி தாண்டித் திருமுருகன்பூண்டி வரும்போது கிழக்கு வெளுக்கும், கல்தச்சர்களின் உளிச்சத்தம் கேட்கும். இன்னும் கொஞ்ச தூரம் போனால் அனுப்பர்பாளையம். அங்கே பாத்திரப் பட்டறைகளில் பித்தளைமேல் சுத்தியல் விழும். கண்ணைத் திறக்காமலே எந்த ஊர் என்று சொல்லிவிடலாம்.

திருப்பூரில் ஜின்னிங் பேக்டரி. உள்ளே நின்றால் புருவத்தில், மீசையில் எல்லாம் பஞ்சு படியும். கொட்டை ஒரு பக்கம் விழும், பஞ்சு ஒரு பக்கம் பறக்கும். பஞ்சு அழுத்தப்பட்டுப் பேலாகி நூல் மில்லுக்குப் போகும். கொட்டையில் இரண்டு மூட்டை எங்கள் வண்டியிலேயே திரும்பி வரும். அம்மா அதை ஊற வைத்து ஆட்டுக்கல்லில் ஆட்டிக் கறவை மாட்டுக்கு வைப்பார். அந்த வாரம் பாலின் ஆடை கனத்திருக்கும்.

திருப்பூருக்குப் பனியன் வந்தது 1925இல். குலாம் காதர் என்பவர் பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ் என்ற பெயரில் தொடங்கினார். அப்போதெல்லாம் கையால் சுற்றுகிற மிஷின்தான். 1932இல் பைக்காராவில் நீர்மின்சாரம் பிறந்து கோவைச் சமவெளிக்கு இறங்கிய பிறகுதான் மில்களுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் கால் முளைத்தது. எங்கள் மாமன் சேர்ந்தது இரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனி. அப்பா பருத்தி விற்றுப் பணம் எண்ணி முடிக்கும் வரை நான் மாமனிடம் நிற்பேன்.

அந்த மிஷினை எத்தனை நேரம் பார்த்தாலும் அலுக்காது. வட்டமாக நூற்றுக்கணக்கில் ஊசிகள். ஒவ்வொரு ஊசி முனையிலும் ஒரு சின்ன நாக்கு. அது திறக்கும்போது நூலைப் பிடிக்கும், மூடும்போது பழைய கண்ணி அதன்மேல் வழுக்கிக் கழன்றுகொள்ளும், புதுக் கண்ணி நிற்கும். மேலே கோனிலிருந்து நூல் நுழைய, கீழே தையலே இல்லாமல் தலையணை உறை மாதிரி துணி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு ஊசி நாக்கு உடைந்தால் துணியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடிவிடும். மாமனுக்குக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. பேசிக்கொண்டே இருப்பவர் சட்டென்று நிறுத்துவார். "கேளு மாப்ளே, ஊசி போயிருச்சு" என்பார். எனக்கு ஒன்றும் கேட்காது. மிஷினை நிறுத்திப் பார்த்தால் சரியாக ஒரு ஊசி போயிருக்கும்.

இறங்கிய துணி பழுப்பாக இருக்கும். வெள்ளையாவது சலவைப் பட்டறையில். சிமெண்ட் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்து, ஆட்கள் உள்ளே இறங்கித் துணியை மிதிப்பார்கள். பிறகு அலசி, காலி நிலத்தில் வெயிலில் விரிப்பார்கள். தூரத்திலிருந்து பார்க்க அழகாக இருக்கும். மிதித்தவர்களின் குதிகால் வெடிப்பைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். நாம் போட்டுக்கொண்ட வெள்ளையில் அந்தக் கால்களும் சேர்ந்திருக்கின்றன. பின்னால் ஏற்றுமதி வந்தது, வெள்ளையோடு சாயமும் வந்தது, சாயத்தண்ணீர் நொய்யலில் இறங்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரைக்கும் அந்த ஆறு பட்டது கொஞ்சமல்ல. அந்த ஆற்றில் மீன் பிடித்து வளர்ந்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

புதுப் பனியன் எங்களுக்கு வருஷத்தில் ஒரு தடவை, சித்திரையில் அவிநாசித் தேர் நோம்பிக்கு. வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாகத்தான் வாங்குவார்கள். அரைக்கை முழங்கைக்குக் கீழே தொங்கும். அப்பாவுக்குப் பை வைத்த கை பனியன். காட்டுக்கும் அதுதான், சந்தைக்கும் அதுதான். சட்டை என்பது கல்யாணத்துக்கும் கோர்ட்டுக்கும். பனியன் பையில் பணம், பஸ் டிக்கெட், வெற்றிலைக் காம்பு எல்லாம் இருக்கும். புதுப் பனியனைப் பிரித்துக் கொடுக்கும்போது அப்பா மறக்காமல் சொல்வார்: "இது நம்ம காட்டுப் பருத்தியாக்கும். அழுக்குப் பண்ணாமப் போடோணும் கண்ணு." எந்த மில்லில் எந்த ஊர்ப் பஞ்சோடு கலந்ததோ! ஆனால் தேர் வடம் பிடிக்கக் கூட்டத்தில் நின்றபோது எல்லார் முதுகிலும் எங்கள் காடுதான் இருக்கிறது என்று நான் நம்பினேன். இன்றும் அந்த நம்பிக்கையை விட மனமில்லை.

கிழிந்த பிறகு பனியன் எங்கள் ஆத்தா, அதாவது பாட்டி, கைக்குப் போகும். "என்னத்துக்கு வீசோணும்? இங்க கொண்டா சாமி" என்று வாங்கி, தையல் பிரித்துச் சதுரம் சதுரமாகக் கிழிப்பார். மெத்தென்று தேய்ந்த துண்டுகள் தனி மூட்டை. வீட்டில் பிள்ளை பிறந்தால் முதலில் உடம்பில் படுவது அதுதான். புதுத்துணி பச்சைக் குழந்தையைக் கீறிவிடும் என்பார். அக்கா பிரசவத்துக்கு வந்தபோது, நான் மரமேறிக் கிழித்த பனியனில்தான் அவள் மகன் சுருண்டு கிடந்தான். கொஞ்சம் முரடானவை அடுப்படிக்கு. சோற்றுப்பானை இறக்க ஒன்று, அரிக்கேன் கண்ணாடி துடைக்க ஒன்று. அதற்கும் கீழே போனது மாட்டுக் கொட்டகைக்கு: காளைக்குக் குளம்பில் புண் என்றால் வேப்பெண்ணெய் தோய்த்துக் கட்ட. கடைசியாகச் சைக்கிள் செயின். கறுத்துப்போன அந்தத் துண்டை மண்ணெண்ணெயில் முக்கிக் குச்சியில் சுற்றினால் ராத்திரி தண்ணி பாய்ச்சப் போகும்போது பந்தம். எரிந்த சாம்பல் வாய்க்காலிலேயே விழும்.

கம்பெனியிலிருந்து மாமன் கொண்டுவரும் கட்டிங் வேஸ்ட் எங்களுக்குப் பந்து. உள்ளே ஒரு புளியங்கொட்டை முடிச்சு, மேலே வேஸ்ட்டை இறுக்கிச் சுற்றி, சணலால் வலை மாதிரி பின்னுவோம். முதுகில் பட்டால் சத்தம் வரும், வலிக்காது.

இப்போது எங்கள் காட்டில் பருத்தி இல்லை. கிணறு வற்றியதும் பலர் நிலத்தை விட்டுக் கம்பெனிக்குப் போனார்கள், பலர் கம்பெனியே வைத்தார்கள். அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணீர் வருகிறது. எங்கள் ஊர்க் குட்டையில் தண்ணீர் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பருத்தி திரும்புமா என்பது வேறு விஷயம். மில்களுக்குக் குஜராத்திலிருந்து சங்கர்-6 ரகப் பஞ்சு லாரியில் வருகிறது.

கட்டிங் வேஸ்ட்டுக்கு மட்டும் மதிப்பு கூடியிருக்கிறது. நிறம் நிறமாகப் பிரித்து மறுபடி பஞ்சாக அரைத்து, ஓ.இ. (ஓபன் எண்ட்) மில்களில் நூலாக்குகிறார்கள். சாயத்துணியென்றால் நூலும் அதே நிறத்தில் வந்துவிடும், இன்னொரு தடவை சாயத்தொட்டிக்குப் போக வேண்டாம். அண்ணன் மகன் இப்படி ஒரு குடோன் வைத்திருக்கிறான். போயிருந்தபோது ஒரு பெண் நீலத்தையும் கருநீலத்தையும் நிமிராமலே பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். எந்த ஊரம்மா என்று கேட்டேன். ஒடிசா என்றார், நல்ல தமிழில். பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். கணவருக்கு நிட்டிங்கில் ராத்திரி ஷிப்ட், வேலம்பாளையத்தில் வாடகை வீடு, மகன் அங்கேயே அரசுப் பள்ளிக்கூடத்தில் நாலாவது படிக்கிறானாம்.